கால்களை அளந்து காலுறை கொடுங்கள்: இராமநாதபுரம் கரையிலிருந்து ஒரு திறந்த மடல்

இராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்டச் சுகாதார அலுவலர் அவர்களுக்கும், கடலோர ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணியாற்றும் மருத்துவர்கள், செவிலியர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் இந்த மாவட்டத்தின் கடலோரக் கிராமங்களில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தடுப்பூசி போடப் போகும் வீட்டில் பிள்ளையைத் தூக்கிவருவது பெரும்பாலும் பாட்டியாகத்தான் இருக்கும். ஊசி போட்டு முடித்ததும் அந்த அம்மா சேலையை லேசாக ஒதுக்கி, "இதையும் கொஞ்சம் பாருங்க நர்சம்மா" என்பார். கெண்டைக்காலில் நீலமும் பச்சையுமாகப் புடைத்துச் சுருண்டிருக்கும். கரண்டைக்கு (கணுக்காலுக்கு) மேலே தோல் கறுத்து, தொட்டால் பலகை மாதிரி இறுகியிருக்கும். சில பேருக்கு அந்தக் கறுப்பின் நடுவில், உள்பக்கமாக, ஒரு புண். எவ்வளவு நாளாக என்று கேட்டால் மாதக் கணக்கில் சொல்பவர்கள் குறைவு. "என் மகன் கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்துச்சு" என்று சொன்ன ஓர் அம்மாவை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று அவருக்குப் பேரனே பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான்.

நான் கேட்பது ஒன்றுதான். இப்படிக் காலில் புடைத்துச் சுருண்ட வெரிகோஸ் வெயின் உள்ளவர்களுக்குச் சீட்டில் எழுதிக் கொடுக்கும், காலை இறுக்கிப் பிடிக்கும் அழுத்தக் காலுறையையும் அழுத்தக் கட்டையும், "கடையில் வாங்கிக்கோ" என்று விட்டுவிடாதீர்கள். கடலோர ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காலைப் பரிசோதித்து, டேப் வைத்து அளந்து, மாட்டக் கற்றுக்கொடுத்து, கையில் கொடுங்கள்.

எங்கள் பக்கம் இதை "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்பார்கள். நரம்பு முடிச்சு என்றும் சொல்வார்கள். அது நரம்பே இல்லை. காலிலிருந்து ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரை. இந்த ஒரு சொல்லால் எத்தனை பேர் "நரம்புக்கு நல்லது" என்று சத்து மாத்திரையும் ஊசியும் வாங்கிக் காசைக் கரைத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். மருத்துவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த மடலை மீன் வாடியில் வேலை பார்க்கும் பெண்களும் படிக்க வேண்டும், படிக்கத் தெரியாதவர்களுக்கு அவர்கள் பிள்ளைகள் படித்துக் காட்ட வேண்டும்.

காலில் இருக்கும் ரத்தம் கீழிருந்து மேலே ஏற வேண்டும். அதற்காகச் சிரைக்குள் வழிநெடுக வால்வுகள் இருக்கின்றன. மேலே விடும், கீழே விடாது. நாம் ஒவ்வோர் எட்டு வைக்கும்போதும் கெண்டைக்கால் தசை சிரையைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாமல் நின்றால் இந்தப் பிழிதல் நடக்காது. அப்போது கரண்டை அருகே சிரைக்குள் அழுத்தம் 80, 90 மில்லிமீட்டர் வரை வந்து நிற்கும். ரத்தக்கொதிப்பு பார்க்கும்போது சொல்கிறோமே, அதே மில்லிமீட்டர் கணக்குதான். வால்வு நன்றாக உள்ளவர் நாலு எட்டு நடந்தால் இது 30-க்குக் கீழே இறங்கிவிடும். வால்வு கெட்டவருக்கு நடந்தாலும் சரியாக இறங்காது. நாள் முழுக்க அந்த அழுத்தம் உள்ளேயிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். முதலில் மாலை நேரத்துக் கனம், பிறகு வீக்கம், பிறகு அரிப்பு. ரத்த அணுக்கள் கசிந்து அதிலுள்ள இரும்புச் சத்து தோலில் தங்குவதால் கறுப்பு. கடைசியில், கொசு கடித்ததைச் சொறிந்தாலே போதும், புண்.

இனி, இந்தக் கரையில் நிற்கிறவர்கள் யார் என்று பாருங்கள்.

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம், ஏர்வாடி, மூக்கையூர், தொண்டி. எங்கே படகு கரைசேர்ந்தாலும் அங்கே மீனைத் தரம் பிரிக்கவும், இறால் தலை கிள்ளவும், நண்டு உடைக்கவும், கணவாய் சுத்தம் பண்ணவும் பெண்கள் நிற்கிறார்கள். விடியுமுன் போனால் மதியத்துக்கு மேல் ஆகும். ஐஸ் கரைந்த தண்ணீர் ஓடும் சிமெண்டுத் தரையில், ஒரே இடத்தில் நிற்பது. நடந்தால் பரவாயில்லை. இந்த வேலையில் கைதான் ஓடும், கால் நகராது. சிரைக்கு இதைவிடக் கெட்ட வேலை இருக்க முடியாது. கருவாட்டு வாடியில் குனிந்து நிமிர்ந்து உலர்த்துகிறவர்களுக்குக்கூடக் கொஞ்சம் நடை உண்டு. இதில் பாதிப் பேர் மூன்று, நான்கு பிள்ளை பெற்றவர்கள். முதல் பிரசவத்தில் லேசாகத் தெரிந்தது அடுத்தடுத்த பிரசவங்களில் கயிறாகத் திரண்டிருக்கும்.

ஆண்களுக்கும் உண்டு. விசைப்படகில் நின்றபடி வலை இழுப்பவர்கள், கோயில் தீர்த்தக் கிணறுகளில் வாளியோடு நின்று இறைப்பவர்கள், டீக்கடை மாஸ்டர்கள். ஆனால் ஆண் காலைக் காட்டிவிடுவான், கைலியை மடித்துக் கட்டினால் தெரிந்துவிடும். பெண் புண் நாற்றம் அடித்து, பக்கத்தில் நிற்பவள் முகம் சுளித்த பிறகுதான் காட்டுகிறாள்.

கடற்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டி மரிக்கொழுந்து பாசி, கட்டைக்கோரை எடுக்கப் போகிறவர்கள் மணிக்கணக்கில் கடலுக்குள் நிற்கிறார்கள், முங்குகிறார்கள். சின்னப்பாலம் பக்கத்தில் ஓர் அக்கா ஒருமுறை என்னிடம், "தண்ணிக்குள்ள நிக்கிறவரைக்கும் கால் இருக்கிறதே தெரியலம்மா, கரையேறினாத்தான் கனக்குது" என்றார். குளிர்ச்சியில் மரத்துப்போகிறது போல என்று நானும் அப்போது நினைத்துக்கொண்டேன். வெகு நாள் கழித்து, அழுத்தக் காலுறை எப்படி வந்தது என்று படித்தபோதுதான் அந்த அக்கா எவ்வளவு சரியாகச் சொன்னார் என்று புரிந்தது. கான்ராட் ஜாப்ஸ்ட் என்று ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஒரு பொறியாளர். அவருக்கே காலில் சிரை நோய். நீச்சல் குளத்தில் நிற்கும்போது மட்டும் கால் லேசாவதைக் கவனித்தார். தண்ணீர் ஆழம் கூடக்கூட அழுத்தம் கூடும். பாதத்தில் அதிகம், மேலே வர வரக் குறைவு. அதே மாதிரி, கரண்டையில் இறுக்கமும் மேலே போகப்போகத் தளர்வுமாக ஓர் உறை செய்தால் என்ன என்று யோசித்து, 1950 வாக்கில் செய்துவிட்டார். இன்று மருந்துக் கடையில் விற்கும் எல்லா வெரிகோஸ் சாக்ஸும் அந்த யோசனையில் செய்ததுதான். ஒரு மீட்டர் ஆழத்துத் தண்ணீர் ஏறத்தாழ 74 மில்லிமீட்டர் அழுத்தம் தரும். நாம் வழக்கமாக எழுதிக் கொடுக்கும் காலுறை கரண்டையில் 20 முதல் 30 வரைதான் தரும். அந்த அக்காவின் காலுக்குக் கடல் செய்ததைத்தான் கரையில் நாம் துணியால் செய்யப் பார்க்கிறோம். (புண் உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடலில் போய் நிற்க வேண்டாம். திறந்த புண்ணோடு கடலில் இறங்கினால் கிருமி ஏறும்.)

இப்போது என் தவற்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆறாத புண்ணோடு வந்தவர்களுக்கு நானும் கிரேப் பேண்டேஜ் சுற்றியிருக்கிறேன். புண் இருக்கும் இடத்தில் மட்டும், பாதத்தை விட்டுவிட்டு, கரண்டைக்கு மேலிருந்து கெண்டைக்கால்வரை இழுத்து இறுக்கிச் சுற்றுவேன். மறுநாள் பாதம் கொழுக்கட்டை மாதிரி வீங்கி வரும். "நர்சம்மா கட்டினா வீங்குது" என்று அவிழ்த்து எறிந்தவர்கள் உண்டு. அவர்கள் மேல் கோபப்பட்டிருக்கிறேன். தப்பு என்னுடையது. கட்டு கால்விரல் அடியிலிருந்து தொடங்க வேண்டும். பாதத்தை நேராக, உட்கார்ந்து தரையில் ஊன்றியது போல் மடக்கி வைத்து, குதிகாலையும் மூடி, ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றின் பாதியை மறைக்கும்படி, ஒரே இழுவையில், முழங்காலுக்கு இரண்டு விரற்கடை கீழேவரை கொண்டுபோக வேண்டும். மேலே போகப்போக இறுக்கிக் கட்ட வேண்டியதில்லை; ஒரே இழுவையில் சுற்றினாலே ஒல்லியான கரண்டையில் அழுத்தம் அதிகமாகவும் பருமனான கெண்டைக்காலில் குறைவாகவும் தானாக அமைந்துவிடும். கணுக்கால் எலும்பும் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பும் துருத்திக்கொண்டிருக்கும் ஒல்லிக் கால்களுக்கு முதலில் பஞ்சு சுற்றி மெத்தையாக்க வேண்டும், இல்லையென்றால் அங்கே புதுப் புண் வரும். இதை எனக்கு வெளியூரிலிருந்து வந்த ஒரு மூத்த செவிலியர் அரை மணி நேரத்தில் கற்றுக்கொடுத்தார். அதற்கு முன்னால் என்னிடம் கட்டுக் கட்டிக்கொண்டவர்களை நினைத்தால் இன்றும் மனசு உறுத்துகிறது.

பின்னாளில் அதே அரை மணி நேரம் கற்றுக்கொண்டதை வைத்து, மகன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே புண் இருந்தது என்று சொன்ன அந்த அம்மாவுக்குக் கட்டினேன். சர்க்கரை இல்லை, பாதத்தில் நாடி நன்றாகத் துடித்தது. வாரம் இரண்டு முறை கழுவி, பஞ்சு வைத்து, விரலிலிருந்து முழங்கால்வரை கட்டு. களிம்பு என்று தனியாக எதுவும் இல்லை. மூன்றாம் மாதம் புண் மூடியது. அந்த அம்மா அழவில்லை, சிரிக்கவும் இல்லை. காலையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "இது இவ்வளவுதானா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இவ்வளவுதான் என்றால், அத்தனை வருடம் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம்?

காலுறை விஷயத்துக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு பெண், இறால் கம்பெனியில் நிற்பவர். ஒரு மருத்துவமனையில் "வெரிகோஸ் ஸ்டாக்கிங்" என்று மட்டும் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். என்ன அழுத்தம், என்ன அளவு, முழங்கால்வரையா தொடைவரையா, எதுவும் எழுதவில்லை. காலை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவர் ஒரு கடைக்குப் போனார். கடைக்காரர் ஆளை ஏற இறங்கப் பார்த்து ஓர் அளவு எடுத்துக் கொடுத்தார். ஆயிரம் ரூபாய்க்கு மேல். தொடைவரை வரும் உறை. அது நிற்காமல் வழுக்கி இறங்க, முழங்காலுக்குக் கீழே மடித்து விட்டுக்கொண்டார். மடித்த இடத்தில் அழுத்தம் இரட்டையாகிறது. கயிறு போட்டுக் கட்டிய மாதிரி அங்கே ஆழமாகத் தடம் விழுந்து, அதன் கீழே கால் இன்னும் வீங்கியது. பத்து நாளில் அதைப் பழைய துணி மூட்டையில் போட்டுவிட்டார். பல நாள் கூலி போனது. அதைவிட மோசம், "சாக்ஸ் போட்டுப் பாத்தாச்சு, அது ஆகாது" என்று கம்பெனியில் இருந்த அத்தனை பெண்களிடமும் சொல்லிவிட்டார். அவர் பட்டதைச் சொன்னார், அவ்வளவுதான்.

அளப்பதற்கு என்ன வேண்டும்? தையல்காரர் டேப் ஒன்று. கரண்டை எலும்புக்கு மேலே கால் மிக ஒல்லியாக இருக்கும் இடத்தில் ஒரு சுற்றளவு, கெண்டைக்கால் மிகப் பருமனாக இருக்கும் இடத்தில் ஒரு சுற்றளவு, தரையிலிருந்து முழங்கால் மடிப்புக்குக் கீழேவரை ஓர் உயரம். இரண்டு காலுக்கும் தனித்தனியாக. காலையிலேயே அளக்க வேண்டும். சாயங்காலம் அளந்தால் வீக்கத்தைத்தான் அளக்கிறோம். பெரும்பாலானவர்களுக்கு முழங்கால்வரை வரும் உறையே போதும். இதை மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்களே செய்யலாம். 2021 ஆகஸ்டிலிருந்து அவர்கள் இந்த ஊர்களின் ஒவ்வொரு படியும் ஏறி ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். பையில் டேப் ஒன்று கூடுதலாக இருந்தால் கனக்காது.

ஆனால் அளப்பதற்கு முன்னால் ஒரு சோதனை இருக்கிறது. இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். காலுக்கு நல்ல ரத்தம் கொண்டுவரும் தமனி அடைத்திருந்தால், வெளியேயிருந்து அழுத்தும் உறை அந்தக் கொஞ்ச ரத்தத்தையும் நிறுத்திவிடும். காலே போகலாம். இந்தக் கரையில் பீடி குடிக்காத மூத்த மீனவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சர்க்கரை இல்லாத வீடும் குறைந்துகொண்டு வருகிறது. இரண்டும் தமனியைக் கெடுப்பவை. அதனால் பாதத்தின் மேலும் உள்கரண்டைக்குப் பின்னாலும் நாடி துடிக்கிறதா என்று விரல் வைத்துப் பார்ப்பது முதல் படி. ரத்த ஓட்டத்தை ஒலியாகக் காட்டும் கையடக்க டாப்ளர் கருவி இருந்தால் கரண்டையில் ரத்த அழுத்தம் எடுத்து, அதைக் கையில் எடுத்த அழுத்தத்தால் வகுக்கலாம். கையில் 130, கரண்டையிலும் 130 என்றால் 1. கரண்டையில் 65-தான் என்றால் 0.5. விடை 0.8-க்குக் கீழே இறங்கினால் வழக்கமான அழுத்தம் கூடாது, மருத்துவர் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 0.5-க்குக் கீழே என்றால் அழுத்தக் கட்டு என்ற பேச்சே வேண்டாம், உடனே ரத்தக்குழாய் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். சர்க்கரைக்காரர்களுக்கு 1.3-க்கு மேல் வந்தாலும் நம்பக் கூடாது. தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகியிருந்தால் எண் பொய் சொல்லும். இதயம் தளர்ந்து மூச்சு வாங்குகிறவர்களுக்கும், பாதத்தில் உணர்ச்சியே இல்லாதவர்களுக்கும், சீழும் காய்ச்சலுமாக இருப்பவர்களுக்கும் மருத்துவர் சொல்லாமல் மாட்டக் கூடாது. ஒரு காலில் மட்டும் திடீரென்று வீக்கமும் வலியும் வந்தால் அது உள்சிரையில் ரத்தம் உறைந்ததாக இருக்கலாம். அவர்களுக்கு அன்றே மருத்துவமனை.

இத்தனை எச்சரிக்கை இருக்கிறது என்பதால்தான் கடை மேசையில் விற்கும் பொருளாக இதை விடக் கூடாது என்கிறேன்.

சரி, அளந்து கொடுத்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். போடுவார்களா? நம் ஊர் வெயிலில், உப்புக் காற்றில், ஈரத் தரையில்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் உறை வாங்கிக் குவித்தால் எல்லாம் பெட்டியில்தான் கிடக்கும். குளிர் நாட்டுக்காரர்கள் எழுதிவைத்த விதியை அப்படியே இங்கே ஒப்பிக்க முடியாது. பெண்களிடம் பேசிப் பார்த்து எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். வேலைக்குக் கிளம்புமுன், படுக்கையிலிருந்து எழுந்து காலைத் தொங்கவிடுவதற்கு முன்பே மாட்ட வேண்டும். விடியற்காலையில் போகிறவர்களுக்கு இது சிரமமே இல்லை, அந்நேரம் வெயில் கிடையாது. கம்பெனியில் ஏற்கெனவே ரப்பர் பூட்ஸ் கொடுத்திருந்தால் அதற்குள் உறை நனையாமல் இருக்கும். பூட்ஸ் கொடுக்காத இடங்களில் கொடுக்கச் சொல்ல வேண்டும். விரல் திறந்த மாதிரி உறை கொடுத்தால் புழுக்கம் குறைவு, விரல் நீலம் பாய்கிறதா என்று பார்க்கவும் வசதி. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, குளித்து, காலை உயர்த்தி வைத்துப் படுக்கும்போது கழற்றிவிடலாம். நாள் முழுக்கப் போட முடியாவிட்டால் நிற்கும் நேரத்திலாவது போடட்டும். ஒன்றுமே போடாமல் நிற்பதற்கு அது எவ்வளவோ மேல்.

ஆளுக்கு இரண்டு ஜோடி வேண்டும். ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டால் மற்றது வேண்டுமே. சோப்புத் தண்ணீரில் கையால் அலசி, முறுக்காமல், நிழலில் உலர்த்த வேண்டும். எங்கள் ஊரில் எதையும் கொடியில் வெயிலில்தான் போடுவோம். அப்படிப் போட்டால் நூலின் இழுவை போய்விடும். கவனமாக வைத்திருந்தாலும் ஆறு மாதத்தில் தளர்ந்துவிடும், புதிது மாற்ற வேண்டும். ஆகவே ஒருமுறை விழா நடத்தி வழங்கிவிட்டுப் போகும் திட்டம் இதற்குச் சரிப்படாது. மாத்திரை மாதிரி, ஆறு மாதத்துக்கொரு முறை வரிசையாகக் கிடைக்க வேண்டும்.

மாட்டுவதும் ஒரு வித்தைதான். உறையைக் குதிகால்வரை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, பாதத்தை நுழைத்து, குதிகால் குதிகாலில் உட்கார்ந்ததா என்று பார்த்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். மேல் விளிம்பைப் பிடித்து இழுக்கவே கூடாது. வீட்டு வேலைக்கு வாங்கும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டால் பிடி கிடைக்கும். வழுக்கலான பிளாஸ்டிக் பையைப் பாதத்தில் போட்டு அதன் மேல் உறையை ஏற்றி, பிறகு விரல் வழியே பையை உருவிவிடலாம். முதல் வாரம் பக்கத்தில் ஒரு செவிலியர் இருந்து மாட்டிப் பழக்கினால் அப்புறம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நண்டு ஓட்டை உடைத்துச் சதை சிதையாமல் எடுக்கிற கைகளுக்கு இது ஒரு வேலையா?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். காலுறை புடைத்த சிரையை மறையச் செய்யாது. வலியையும் கனத்தையும் வீக்கத்தையும் குறைக்கும். சிரைப் புண்ணை ஆற்றுவதும், ஆறிய புண் திரும்ப வராமல் தடுப்பதும் அழுத்தத்தின் பெரிய வேலை. வால்வு கெட்ட சிரையை லேசர் மூலமோ ரேடியோ அலை வெப்பத்தாலோ அடைத்துவிடும் சிகிச்சைகள் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. சிகிச்சை வழிமுறைகளை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2013-லேயே, அந்தச் சிகிச்சை செய்ய முடிந்தவர்களுக்கு அதைச் செய்யாமல் வெறும் காலுறையோடு நிறுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டது. அங்கே நடந்து 2018-ல் வெளியான ஈவ்ரா ஆய்வில், சிரைப் புண் உள்ளவர்களுக்கு அழுத்தக் கட்டோடு சேர்த்துச் சீக்கிரமே சிரையை அடைத்தபோது பாதிப் பேருக்குப் புண் ஆற ஆன நாள் 56. அந்தச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டவர்களுக்கு 82. ஆகவே நான் கேட்கும் காலுறை, மேல்சிகிச்சைக்கு அனுப்பாமல் இருப்பதற்கான சாக்காக ஆகிவிடக் கூடாது. 2022-லிருந்து இராமநாதபுரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சுகாதார நிலையத்தில் புண்ணோ கறுப்போ தெரிந்தால், டாப்ளர் ஸ்கேனுக்கு அங்கே தேதி வாங்கிக் கொடுத்தே அனுப்புங்கள். இராமேசுவரத்திலிருந்து அங்கே போய் "நாளைக்கு வா" என்று கேட்டுத் திரும்பினால் ஒரு நாள் கூலி போய்விடும். அடுத்த முறை அவர் கிளம்ப மாட்டார். அங்கேயும் முடியாது என்று மதுரைக்குப் போகச் சொன்னால், பாதிப் பேர் அதோடு விட்டுவிடுவார்கள்.

நாற்காலி பற்றியும் சுருக்கமாக. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஜவுளிக்கடைப் பெண்ணுக்கு உண்டென்றால் இறால் கிள்ளும் பெண்ணுக்கும் வேண்டும். கம்பெனி முதலாளிகளே, மேசை உயரத்துக்கு ஒரு முக்காலி போட்டால் இறால் குறைந்துவிடாது. உட்கார இடமில்லை என்றால், அரை மணிக்கொரு முறை இருபது தடவை குதிகாலை உயர்த்தி இறக்கவாவது மேஸ்திரிகள் விட வேண்டும். கெண்டைக்கால் பிழிய அதுவே போதும்.

எப்போது தொடங்கலாம் என்பதற்கு எனக்கு ஒரு யோசனை உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது, இறால் கம்பெனிகளில் வேலை பெரும்பாலும் நின்றுவிடும். வருடம் முழுக்க நேரமில்லை என்கிற பெண்கள் அந்த இரண்டு மாதமும் வீட்டில்தான் இருப்பார்கள். கால் புண் உள்ளவர்களுக்கு முறையாகக் கட்டுக் கட்ட இதைவிட நல்ல காலம் கிடைக்காது, ஏனென்றால் அப்போதுதான் அவர்களால் காலை உயர்த்தி வைத்து உட்கார முடியும். முதல் இரண்டு வாரம் ஊர் ஊராகப் பரிசோதனையும் அளவும்; புண் உள்ளவர்களுக்கு அன்றே கட்டு தொடங்கி, வாரம் இரண்டு நாள் மாற்றுவது; ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டியவர்களை அனுப்புவது. தடை முடிந்து படகு இறங்கும் அன்று, அவரவர் அளவில் காலுறை கையில் இருக்க வேண்டும். கூலி இல்லாத அந்த இரண்டு மாதத்தில் யாரையும் காசு கொடுத்து வாங்கச் சொல்லாதீர்கள்.

கடைசியாக ஒன்று. இது ஆட்சியருக்கு இல்லை, வீட்டில் இருப்பவர்களுக்கு. புடைத்த சிரை கரண்டைப் பக்கம் சில நேரம் சட்டென்று உடைந்துவிடும். வலிக்காது, ஆனால் ரத்தம் பீய்ச்சும். பயந்துபோய் நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள், தொடையில் கயிறு கட்டுவார்கள். இரண்டும் தப்பு. உட்கார்ந்தாலும் நின்றாலும் ரத்தம் நிற்காது, உயிரே போகும். உடனே தரையில் படுக்கவையுங்கள், காலை இதயத்தைவிட உயரத் தூக்குங்கள், சுத்தமான துணியை வைத்து அந்த இடத்தில் விரலால் அழுத்திப் பிடியுங்கள். பத்து நிமிடம் எடுக்காமல் பிடியுங்கள். பெரும்பாலும் நின்றுவிடும். பிறகு 108-ஐக் கூப்பிட்டு, படுத்த வாக்கிலேயே கொண்டுபோங்கள்.

கட்டுக் கட்டக் கற்றுக்கொடுக்க ஆள் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற செவிலியர்கள் இந்தக் கரையில் இன்னும் சிலர் இருக்கிறோம், பேசிவைத்திருக்கிறேன். பஞ்சும் பேண்டேஜும் டாப்ளர் கருவியும் நீங்கள் கொடுங்கள். ஏப்ரல் 15 அன்று காலையில் எந்த ஊர் என்று மட்டும் சொல்லுங்கள், வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
மண்டபம் வட்டாரம்